மீன் வேண்டாம், வேறு என்ன பிடிக்கும்?

சலவைக்கடையில் என்னோடு படுக்கை விரிப்பு தேய்க்கிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘எதுன்னாலும் சரி’. டீயா காபியா என்றால், எதுன்னாலும் சரி. ஜன்னலோரமா, பாய்லர் பக்கமா என்றாலும் அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஜென்மம்!

ஜப்பானில் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஞாயிறு ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். துணைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். போன பிறகு பார்த்தால், அவளுக்குத்தான் அந்த மொழி மளமளவென்று ஏறியது. ஒருநாள் தேய்ப்பு மேசையில் குனிந்தபடியே சொன்னாள்.

“இந்த வேலைக்கு எப்படியாவது போயிடணும்னு இருக்குடி.”

“வீட்டுல சொன்னியா?”

“அவரு என்ன சொல்றாரோ…”

கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானியத்தில் ‘பிடிக்கும்’ என்பதற்கு ‘சுகி’ என்று சொல்வார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஆசிரியை கேட்டார். இவள் எழுந்து, வீட்டுக்காரருக்கு அரைவேக்காட்டு முட்டை சுகி, பையனுக்கு மொறுமொறுப்பான ரொட்டி சுகி, மாமியாருக்கு வெந்நீர் சுகி என்று அடுக்கினாள்.

“நான் உங்களுக்கு என்னன்னு கேட்டேம்மா.”

திருதிருவென்று விழித்தாள். ஆசிரியைக்கும் அலுத்துவிட்டது. “சரி, எல்லாரும் மீன் பிடிக்கும்னு மனப்பாடம் பண்ணிக்குங்க. வம்பே இல்ல.”

நேர்காணலில் ஐந்து பேரைத் திரைக்கு முன்னால் வரிசையாக உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு ஜப்பானிய அம்மாள். முதல் ஆளுக்கு மீன் பிடித்தது. இரண்டாவது ஆளுக்கும் மீன். வாழ்நாளில் மீனைத் தொடாத நானும் மீன் என்றேன். நாலாவதும் மீன் என்றதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

கடைசியாக இருந்த இவளிடம், “மீன் வேண்டாம். வேறு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார்.

அவள் கையைப் பிசைந்தாள். பிறகு, தெரிந்த சொற்களைக் கோத்துக் கோத்துச் சொன்னாள்: “தேய்ச்ச விரிப்பு பிடிக்கும். சூடா இருக்கும். யாரும் பார்க்காதப்போ கன்னத்தை வெச்சுக்குவேன்.”

அடிப்பாவி, இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது! அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அவளை மூன்று வருஷத்துக்கு எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. மீனைச் சொன்ன வாயைக் கழுவத்தான் வேண்டும்.

மறுநாள் மாலை அவள் கணவர் கடைக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான்.

“மூணு வருஷம்னா சும்மாவா? அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லிடட்டுமா?”

என்ன பதில் வரும் என்று கடைக்கே தெரியும். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வேணாங்க. எனக்குப் போகப் பிடிச்சிருக்கு.”

“என்னது?”

“போகப் பிடிச்சிருக்குன்னேன்.”

அவர் எங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

“அப்போ பையனை யாரு பாத்துக்கறது?”

“நீங்க இருக்கீங்களே” என்றாள்.