சுடுதண்ணீர் பட்ட முன்கண்ணாடி

மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு நிபந்தனை இருக்கும். சேதமடைந்த வாகனத்தைக் கம்பெனியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை நின்ற இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதி. தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில் அதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதக் காலையில், கந்தப்பளைக்கு மேலே எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் முன்கண்ணாடி உடைந்தபோது, அங்கிருந்தவர்களில் அந்த விதி தெரிந்த ஒரே ஆள் நான்தான். காரை உடனே எடுக்கச் சொன்னதும் நான்தான். வீட்டுக்குள் என் மனைவிக்குப் பிரசவ வலி.

கார் என்னுடையதல்ல, தோட்டத்தின் உதவி மனேஜரான சின்னதுரையுடையது. சீமையிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர் அவர். கண்டியில் ஒரு கராஜில் அந்தக் காரைப் பழையதாக வாங்கி, புதிய பெண்டாட்டியைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம் சிக்கலாகலாம் என்று தோட்டத்து மருந்தகத்தின் டிஸ்பென்சர் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே, முதல் நாள் மாலையில், காரையும் டிரைவரையும் எங்கள் வாசலுக்கு அனுப்பிவிட்டார். அப்படிச் செய்ய அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. இந்த நன்றியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி வேறு மாதிரியும் எழுத வேண்டியிருக்கிறது.

பங்களா கராஜுக்குள் நிற்க வேண்டிய கார் அன்று இரவு வெட்டவெளியில் நின்றது. விடிந்து பார்த்தால், தேயிலைச் செடிகளின்மேல் உப்பை வாரி இறைத்ததுபோல் உறைபனி. காரின் முன்கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவராகியிருந்தது. டிரைவர் ஒரு தகரத் துண்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குத் துணையாக, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்திலிருந்து ஓர் அம்மாளை நான் அழைத்திருந்தேன். கொழுந்து பறிப்பவர். கணவர் இறந்த பிறகு, இரண்டு பிள்ளைகளோடு லயத்தில் ஒற்றை அறையில் இருந்தவர். அவர் வந்ததிலிருந்து அடுப்பிலிருந்து கேத்தல் இறங்கவேயில்லை. எங்கள் பக்கத்தில் குளிர் செய்யும் அநியாயம் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். விரல் விறைத்துப்போனாலும், குழாயில் தண்ணீர் உறைந்தாலும், கோழிக்குஞ்சு சுருண்டு விழுந்தாலும் முதலில் வருவது சுடுதண்ணீர். டிரைவர் சுரண்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேத்தலோடு இறங்கி வந்தார்.

“தள்ளுங்கண்ணே. நீங்க சொரண்டி முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்து நடந்தே போயிரும்.”

மேல் மூலையிலிருந்து நிதானமாக ஊற்றினார். பனி அழகாக வழிந்தது. அதன் பின்னாலேயே கண்ணாடிக்குள் ஒரு கோடு ஓடியது. பிறகு பாதிக் கண்ணாடி பொனெற் மூடியின்மேலும் பாதி முன் ஆசனத்திலும் விழுந்தது.

டிரைவர் கையிலிருந்த தகரத்தைக் கீழே போட்டார். “குளிப்பாட்டி முடிச்சிட்டியா? இனி சாம்பிராணி போட்டு, மை வச்சு வுட்டுரு” என்றார்.

அதற்குச் சிரித்தது, வலியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி ஒருத்திதான்.

ஆசனத்தைக் கம்பளியால் துடைத்துவிட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கழுத்து மப்ளரைக் கண் மட்டும் தெரிய முகத்தில் சுற்றிக்கொண்டு டிரைவர் ஓட்டினார். மனைவியும் அந்த அம்மாளும் பின்னால் ஒரே கம்பளிக்குள் இருந்தார்கள். முன்னால் எனக்கும் நுவரெலியா மலைக்காற்றுக்கும் இடையில் எதுவும் இல்லை. வளைவுகளில் டிரைவர் ஒரு கையால் கண்ணீரைத் துடைத்தாரே தவிர, வேகத்தைக் குறைக்கவில்லை. உச்சிவேளைக்கு முன் எங்களுக்கு மகள் பிறந்தாள். இன்னும் தாமதித்திருந்தால் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

சாயந்தரம் சின்னதுரை காரைச் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு மகள் பிறந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரைமார் கற்றுக்கொள்ளும் தமிழில், கைகட்டி நின்ற அந்த அம்மாளிடம் கேட்டார்:

“யார் சொன்னது உனக்கு, கார் மேல தண்ணி ஊத்த?”

“யாரும் சொல்லலீங்க தொர. பனிக்கு ஊத்துனேன்.”

“கம்பெனி காசு தந்தா சரி. தரலே, நீ பத்துச்சீட்டு வாங்கி போ.”

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டிக் கொடுக்கும் சீட்டு. அதை வாங்கினால் லயத்து அறையையும் விட வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு எந்த நாட்டுப் பட்டியலிலும் பேர் இல்லாத அந்த அம்மாளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே முகவரி அந்த அறைதான். சின்னதுரை கொடியவரல்லர். ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் கார்க் கண்ணாடி ஒன்று கொழும்பில்கூடக் கிடைக்காத காலம் அது. அடுத்த நாட்களில் மழைக்கோட்டும் மோட்டார் சைக்கிள்காரர் மாட்டும் கண்ணாடியுமாக அவர் கார் ஓட்டிப் போவதைப் பார்த்துத் துரைமார் கிளப்பில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது; அதனால் சொன்னதை அவர் மாற்றவில்லை.

காப்புறுதிப் படிவத்தை நானே நிரப்பினேன். எதிரே வந்த வாகனத்தின் இலக்கம் என்ன என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. கேத்தல், இலக்கம் இல்லை என்று எழுதக் கை துறுதுறுத்தது; ஆனால் வெறும் கோடுதான் கிழித்தேன். சேதத்துக்குக் காரணமானவர் என்ற இடத்தில், என் வீட்டில், என் வேண்டுகோளின் பேரில் பணி செய்தவர் என்று எழுதினேன். அது முழு உண்மை.

கம்பெனியின் முதல் கடிதம் சுருக்கமாக இருந்தது. நெருப்பு, திருட்டு, மோதல், கலகம் ஆகியவற்றுக்குப் பத்திரத்தில் இடமுண்டு; வேண்டுமென்றே ஊற்றப்பட்ட தண்ணீருக்கு இல்லை. நான் விடவில்லை. ஊற்றியது வேண்டுமென்று, உடைந்தது தற்செயல், பத்திரத்தின் கண்ணாடிப் பிரிவு தற்செயலான உடைவைப் பற்றித்தான் பேசுகிறது என்று எழுதினேன். வாதத்தில் தோற்றார்களோ, என் கடிதங்களின் நீளத்துக்குப் பயந்தார்களோ, ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர். நானு ஓயாவில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் துண்டுகளைக் கேட்டார். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குக் குத்திவிடும் என்று அந்த அம்மாள் அன்றே எல்லாவற்றையும் ஒரு பழைய கொழுந்துக் கூடையில் பொறுக்கி வைத்திருந்தார். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் கத்திபோல் நீண்ட துண்டுகள்.

“அம்மா, நீங்கள் ஊத்தினது கொதிதண்ணியோ?”

“கொதிக்கலைங்க. பச்ச ஒடம்புக்குன்னு வெளாவி வச்சதுங்க. கைய வுட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன்.”

“பின்னை ஏன் உடைஞ்சது?”

“அதத்தாங்க நானும் கேக்குறேன்.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் விளக்கினார். காருக்கென்று காய்ச்சிப் பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கற்கண்டுபோல் சிறு கட்டிகளாக உதிரும். மூலையில் செய்தவனின் முத்திரை இருக்கும். கைபொறுக்கும் தண்ணீருக்கு அது அசையாது. இது வீட்டு ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி. கார் விற்பனைக்கு நின்ற காலத்தில் யாரோ மலிவாக வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள்.

“நீங்கள் முன்னுக்கோ இருந்தனீங்கள்? ஓடேக்கை ஒரு கல்லுப் பட்டு இது உடைஞ்சிருந்தால், நீங்கள் இண்டைக்கு எங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கமாட்டியள்.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் ஊற்றிய தண்ணீர், கார் நின்றுகொண்டிருந்தபோதே அந்தக் கத்திகளைக் கீழே விழவைத்திருக்கிறது. ஆனால் கிளாக்கர் மூளை சும்மா இருக்குமா? தரமற்ற பாகம் பூட்டிய வாகனத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்ற நிபந்தனையும் அதே பக்கத்தில் உண்டு. கண்ணாடி மோசமென்று நிரூபித்தால் பணம் வராது. பணம் வராவிட்டால் பத்துச்சீட்டு. அதை அவரிடமே சொன்னேன்.

“அந்த நிபந்தனை உங்களுக்கு வடிவாத் தெரியும் போலை?”

“தெரியும்ங்க.”

“அப்ப இதையும் தெரிஞ்சு வையுங்கோ. பத்திரம் குடுக்க முதல் காரைப் பார்த்து, எல்லாம் சரியெண்டு கையெழுத்து வைச்ச ஆள் நான்தான். எஞ்சினைப் பார்த்தன், பிரேக்கைப் பார்த்தன். கண்ணாடியின்ரை மூலையைப் பார்க்கேல்லை.” தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். “நாங்கள் சரியெண்டு ஏத்துக்கொண்ட காரை இப்ப தரமில்லை எண்டு தள்ளேலாது. அப்பிடித்தான் எழுதப்போறன்.”

உத்தியோக வாழ்க்கையில் நான் படித்த அறிக்கைகளுக்குக் கணக்கில்லை. எழுதியவர் தன் பிழையைத் தானே எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இப்படியொன்றை எழுதுவதாக ஒருவர் சொல்லியும் கேட்டதில்லை. சொன்னபடி எழுதுவாரா என்று சந்தேகப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. ரயில் கொழும்பை அடைவதற்குள் மனிதர்களின் மனம் எவ்வளவோ மாறும்.

மாசி போனது. பங்குனியும் போய்க்கொண்டிருந்தது. காலையில் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும்போது அந்த அம்மாள் காரியாலய ஜன்னலருகில் ஒரு கணம் நிற்பார்.

“கடுதாசி வந்துச்சாங்கய்யா?”

“இன்னும் இல்லம்மா.”

“பாப்பா பால் குடிக்குதாங்க?”

“குடிக்கிறாள்.”

“அது போதுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகளின் துணிகளை அவர் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

கடைசியில் கம்பெனியின் பதில் வந்தது. பிரசவ அவசரத்தில் காரை நகர்த்தியது குற்றமாகக் கொள்ளப்படாது; கண்ணாடியின் முழு விலையும் தரப்படும். முத்திரை உள்ள கண்ணாடி ஒன்று கொழும்பில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வாகனத்தை ஏற்றுக்கொண்டபோது நேர்ந்த கவனக்குறைவு தம்முடையது. தண்ணீர் ஊற்றியவர்மீது எந்தப் பொறுப்பும் இல்லை. சின்னதுரை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல், கொழுந்து நிறுக்கும் இடம்வரை தானே நடந்து போனார்.

“நீ போக வேணாம். நான் சொன்னது பிழை” என்று அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மாளிடம் சொன்னார். துரைமார் தமிழில் அந்தக் கடைசி வாக்கியத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் கூடையைத் தராசில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்ப அந்த மூட்டைய அவுத்துரலாங்களாய்யா?” என்று கேட்டார்.

அவிழ்க்கச் சொன்னேன். மதிப்பீட்டாளருக்கு அன்றே நன்றி எழுதித் தபாலில் சேர்த்தேன். கம்பெனியின் கடிதத்தில் வந்துசேர்ந்த முத்திரையைக் குத்தி, வழக்கம்போல் திகதியும் இட்டேன்: ஏப்ரல் பதின்மூன்று, வருஷப் பிறப்புக்கு முந்தின நாள்.