வீட்டுக்குள் வந்த காலணி

எங்கள் சவாயித் தீவில் குழந்தை பிறந்த வீட்டுக்கு முதலில் வரும் வெளியாள் நர்ஸ் லுபெசினாதான். தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலோரச் சாலையில் நடந்தே வருவார். போன மழைக்காலத்தில் அவருக்குக் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாரில் வலி வந்தது. காலையில் எழுந்தால் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடி. இப்படியே போனால் நகரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குழந்தைகளை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

கால் வைத்தியர் அவருடைய ரப்பர் செருப்பைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். தட்டையான செருப்பில் தசைநார் இழுபட்டுக்கொண்டே இருக்கும். குதிகால் பக்கம் சற்று உயர்ந்த, நடுவில் மடங்காத, பின்விளிம்பு உரசாத காலணி வேண்டும் என்றார். லுபெசினா கடையில் ஒவ்வொன்றையும் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்து, வளைந்து கொடுக்காத ஒரு ஜோடியை வாங்கினார். வாரங்கள் போயின. வலி போகவில்லை.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் வீட்டில்.

கணவர் அபெராமோ வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "அவன் என்ன பண்ணுவான்? போற வீட்டுல எல்லாம் வாசல்ல கழட்டி வச்சுட்டு, சிமெண்டுத் தரையில வெறுங்காலோட நிக்கிற. செருப்பு ஜம்முனு ஓய்வெடுக்குது, நீ நொண்டுற."

பாய் விரித்த வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைவதை நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம். வைத்தியரும் எங்கள் தீவுக்காரர்தான். அவருக்கும் அது தோன்றவில்லை. லுபெசினா அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி, மண் படாமல் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து அவர் போக வேண்டியிருந்தது ஊர்த்தலைவர் வீட்டுக்கு. அங்கே பேத்தி பிறந்திருந்தாள். படியில் உட்கார்ந்து காலணியை மாற்றிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடியே உள்ளே வந்தார். தலைவரின் மனைவி ஃபுவாத்தினோ அவர் காலையே பார்த்தார்.

"என்னடி, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?"

"கால் வலிம்மா. இது வீட்டுக்குள்ள போட மட்டும். வேணும்னா அடியைப் பாருங்க."

ஃபுவாத்தினோ நிஜமாகவே பார்த்தார். விரலால் தேய்த்து, விரலையும் பார்த்தார்.

"என் மகன் காலை விட இது எவ்வளவோ சுத்தம். ஆனா என் நல்ல பாயில மட்டும் மிதிச்சிடாத."

மூலையில் சுருட்டியிருந்த ஒரு பழைய பாயை எடுத்து, வாசலிலிருந்து குழந்தை வரைக்கும் அவரே விரித்தார். தலைவர் வீட்டிலேயே விரித்த பிறகு மற்ற வீடுகளில் யார் மறுப்பார்கள்?

வலி ஒரே நாளில் போகவில்லை. ஆனால் மழை ஓய்ந்தபோது அவர் தூணைப் பிடிக்காமல் எழுந்தார். மேலிடத்திலும் மாற்றல் பேச்சை விட்டுவிட்டார்கள்.

போன வாரம் என் அக்காவின் குழந்தையை எடை பார்க்க வந்தார். நாங்கள் மறந்துபோய் நின்றோம். படியில் உட்கார்ந்து பையை அவிழ்த்தபடி கேட்டார்: "என் பாய் எங்க?"