கைதட்டியும் பீரோக் கதவும்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் நடுவில் நின்று பட்டென்று ஒரு தடவை கை தட்டுவார். பிறகு சத்தம் எப்படித் திரும்பி வருகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அது துக்க வீடானாலும் சரி, வங்கியானாலும் சரி. ஊரே அவருக்குக் கைதட்டி என்று பேர் வைத்துவிட்டது. மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பெரிய அரங்கத்தில் ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டவருக்கு அதுதானே பிழைப்பு!

அந்த அரங்கத்தைக் கட்டிய புண்ணியவான் பின்சுவரை வழுவழுவென்று பூசிவிட்டுப் போயிருந்தான். மேடையில் ஒருவர் பேசினால் சத்தம் முப்பது மீட்டர் போய்ச் சுவரில் முட்டி, முப்பது மீட்டர் திரும்பி வரும். நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் ஓடுகிற சத்தம்தான். இருந்தாலும் அதற்குள் பேசுகிறவர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். போன சொல்லும் வந்த சொல்லும் மோதிக்கொள்ளும். ஒரு பேச்சாளர், "பின்னாடி எவன்டா என்னைப் பழிப்புக் காட்டுறது?" என்று மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார். கைதட்டி அந்தச் சுவருக்குக் கம்பளி போர்த்தினார். மெத்தென்ற பொருளுக்குள் புகுந்த சத்தம் அதன் இண்டு இடுக்குகளில் உரசி உரசி ஓய்ந்துபோகும், திரும்பாது.

கம்பளி போர்த்தியபின் பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதிப்பார். அந்தச் சோதனைகளுக்குக் குரல் கொடுத்தவள் டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண். மேடையேறி வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். "என்ன மகாராஜா, கடைசி வரிசையில தூங்கியாச்சா?" என்பாள். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது; ஓர் எழுத்து சிந்தாமல் வந்து சேரும். ஆஹா, அதெல்லாம் ஒரு காலம்! அந்தக் குரலைக் கேட்பதற்காகவே, சரியாக இருந்த சுவரையும் பத்துத் தடவை சோதித்தார் மனுஷர். அடுத்த வருஷமே கல்யாணம் நடந்தது.

அறுபத்தைந்து வயதில் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் போய்க் கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. கைதட்டிக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. 'நோயாளிக்கு அமைதி வேண்டும்' என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், தமக்குத் தெரிந்த ஒரே வித்தையை வீட்டில் காட்டிவிட்டார். ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை, தரையெல்லாம் கம்பளம், நடைச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை அவள் கட்டிலிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். அவரைக் கூப்பிட்டாள். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி கழித்துத் தண்ணீர் கொண்டு போனபோதுதான் பார்த்தார். தரையில் கிடக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது.

"பாவி நான், அவ வாயை நானே பொத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சேதி கேட்டு ஓடிவந்த மகள், "கையில ஒரு மணி கொடுத்துட்டா தீர்ந்துது, இதுக்கு ஏம்ப்பா அழறீங்க?" என்றாள்.

"விழுந்து கிடக்கிறவ மணியைத் தேடிட்டா இருப்பா? அதுவும் இல்லாம, மணியை யார் அடிச்சாலும் ஒரே சத்தம்தான். எனக்கு அவ பேச்சு வேணும்."

அன்றைக்கே திரை, கம்பளம், பலகை எல்லாம் வாசலுக்குப் போயின. வெறும் சுவரும் வெறும் தரையும் ஆனபின் கைதட்டினார், நடை கணீரென்றது. ஆனால் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடை ஒரு திருப்பம் திரும்புகிறது. கிசுகிசுப்புக்கு ஏது அவ்வளவு தெம்பு? திருப்பத்துக்குள் கலைந்துபோயிற்று.

மகளிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு, இவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சத்தமும் வெளிச்சம் மாதிரிதாம்மா. எந்தச் சாய்வுல போய்ப் படுதோ, அதே சாய்வுல திரும்பும். அவ முகம் எனக்கு எங்க தெரியுதோ, அங்கதான் அவ பேச்சும் திரும்பும். கொஞ்சம் மேல... இன்னும் சாய்... ஆங், நில்லு!"

கண்ணாடிக்குள் தலையணை மேல் அவள் முகம். இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு உட்கார்ந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"அப்பா, கை வலிக்குது," என்றாள் மகள்.

கண்ணாடி இருந்த இடத்தில், அதே சாய்வில், பீரோவின் கனத்த மரக் கதவைக் கழற்றி நிறுத்தினார். கெட்டியான பரப்பு சத்தத்தை விழுங்காமல் திருப்பித் தரும். மறுபடி நாற்காலிக்கு வந்து, "ஏதாவது சொல்லு!" என்று கத்தினார்.

காய்ந்த சருகு மாதிரி வந்தது அவள் பேச்சு. ஆனால் முழுசாக வந்தது.

"வாய் கிழியக் கத்தின காலத்துல எல்லாம் உம் உம்னுட்டுப் போயிடுவீங்க. இப்ப என் பேச்சைக் கேக்கணும்னு வீட்டையே பிரிச்சுப் போட்டிருக்கீங்க."

அவர் கதவை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாமே கேட்டுச்சு."