இரட்டைப் பொத்தையின் இரண்டாம் தலை

எங்கள் ஊரில் மலை கிடையாது. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் உப்பளம், அதைத் தாண்டினால் உடைமரக் காடு. தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைக்கு மேடு என்றால் என்ன என்று காட்ட வேண்டுமானால் உப்பு அம்பாரத்தைத்தான் காட்ட வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்களுக்கு பைபாஸ் மேம்பாலம்தான் பொதிகை. அதில் இறங்காமல் சைக்கிள் மிதித்து ஏறியவன் மறுநாள் வகுப்பில் அரைமணி நேரம் கதை சொல்லுவான்.

அப்படிப்பட்ட ஊரில் என் மாமாவுக்கு மலைப் பைத்தியம். அம்மாவின் தம்பி, கப்பலில் ஆயில்மேன். என்ஜின் அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். கடல்மட்டத்துக்கும் கீழே, வெக்கையிலும் எண்ணெய் வாடையிலும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். ஏதாவது ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் கடைத்தெருவைத் தேடுவார்கள். மாமா அந்த ஊர் மலையைத் தேடுவார். அடியிலேயே கிடக்கிறவனுக்குத்தான் உயரத்தின் ருசி தெரியும் என்பது அவருடைய சொந்தப் பழமொழி.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஏறிய மலைகளின் பெயர் ஒரு வரிசை, உயரம் ஒரு வரிசை. மூன்றாவது வரிசைக்குத் தலைப்பு 'எடுப்பு'.

"உயரம்ங்கது கடல்லேருந்து அளக்குதது, ஏளா. எடுப்புங்கது பக்கத்துக்காரன்கிட்டேருந்து அளக்குதது" என்றார்.

எனக்கு ஒன்பது வயது. விளங்கவில்லை. மாமா கட்டிலில் மல்லாந்து படுத்து, நீலப் போர்வையை இழுத்து மூடி, இரண்டு முழங்காலையும் மடக்கினார். இரண்டு மலைகள் எழுந்தன. வலது முட்டு வீங்கியிருந்ததால் அதுதான் பெரிய மலை.

"இப்ப கடல் ஏறுதுன்னு வச்சிக்கோ. மில்லர்புரம் முங்கிட்டு. மாதா கோயில் மணிக்கூண்டும் முங்கிட்டு. இன்னும் ஏறுது. எந்த நேரத்துல இந்தச் சின்னவன் பெரியவன்கிட்டேருந்து பிரிஞ்சி தனித் தீவா நிக்கானோ, அந்த நேரத்துல தண்ணிக்கு மேல எவ்வளவு தெரியுதான்? அதாம்ளா அவனோட எடுப்பு."

முப்பது மீட்டராவது எடுப்பு இருந்தால்தான் நோட்டில் ஏறும். இல்லையென்றால் அது மலையே இல்லை, பெரியவனுடைய தோள். எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் தோள் தோள்தான்.

அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு வகுப்பில் டீச்சரின் முழங்கால் வரைக்கும் ஏறும். பிறகு கரும்பலகை வரைக்கும். ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் கறுப்புத் தீவுகளாக நிற்கும். அவற்றுக்கு இடையில் வள்ளங்கள் சத்தமில்லாமல் போகும். தெருவிளக்கைச் சுற்றி மீன்கள் திரியும். பயமே இருக்காது. எல்லாம் முங்கிய பிறகு எங்கேயோ ஒரு மலை மட்டும் தீவாக நிற்கும். அதில் நானும் மாமாவும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம்.

மாமா வீட்டில் இருந்ததற்குக் காரணமே அந்த வலது முட்டுதான். என்ஜின் அறை ஏணியிலிருந்து விழுந்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் ஆகியிருந்தது. வருகிற வியாழக்கிழமை மெடிக்கல். டாக்டர் சரி என்றால் மாதம் முடியுமுன் கப்பல். இல்லை என்றால் இனி எந்தக் கப்பலும் கிடையாது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ அந்த ஆறு மாதமும் திருவிழா. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது மாமா, கூட்டி வருவது மாமா. ஆகவே அம்மா மாதாவிடம் கேட்டதற்கு நேர் எதிரானதை நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், மாதா என்ன செய்வாள்?

முட்டு சரியாகிவிட்டது என்றே மாமா சொல்லிவந்தார். அப்பாவுக்கு நம்பிக்கையில்லை.

"பெறகு ஏன் மாப்ளே மாடிப்படில கம்பியப் பிடிச்சிட்டே ஏறுதிய?"

"கப்பல் பழக்கம் அத்தான். அங்கன ஏணி ஆடும்லா."

"எங்க வீடு ஆடாதே!"

அம்மா சிரித்துவிட்டாள். மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கயத்தாறு தாண்டி ஒரு பொத்தை இருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமை ஏறிக் காட்டுகிறேன் என்றார். பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னக் கல்மலை. "உச்சி வரைக்கும் எங்கனயும் உக்காரமாட்டேன். உக்காந்தாத் தோத்தேன், மெடிக்கலுக்கே போகல. பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன், அவ சாட்சி."

மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அப்பா ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேரே கடற்கரைக்குப் போனோம். மாமாவிடம் ஜப்பானில் வாங்கிய தடித்த கைக்கடிகாரம் ஒன்று உண்டு. காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும். கிளம்புமுன் அதைக் கடல்மட்டத்தில் பூஜ்யம் ஆக்க வேண்டுமாம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அலை வருகிற இடத்தில் குனிந்து, கடிகாரத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார். மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"ஏலே, கடலுக்கு மணி காட்டவா வந்த?"

"இல்ல மயினி, அதுகிட்ட மணி கேக்க வந்தேன்."

இரட்டைப் பொத்தைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் இன்னும் உறைக்க ஆரம்பிக்கவில்லை. சுற்றிலும் காற்றாலைகள் வெள்ளையாக நின்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பொத்தையைவிட அவை எடுப்பாகத்தான் இருந்தன. ஆனால் மனுஷன் நட்டது கணக்கில் வராது என்று மாமா தள்ளிவிட்டார். பொத்தைக்கு இரண்டு தலை. முதல் தலை ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறினால் இரண்டாம் தலை. அடிவாரத்தில் கடிகாரம் தொண்ணூறு மீட்டர் காட்டியது.

அங்கே ஒரு அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பாறையில் கால் வைத்ததும் கேட்டாள்: "ஏ தம்பி, ஆடு ஏறுதது தழைக்கு. நீங்க எதுக்கு ஏறுதிய?"

"சும்மாதான் யக்கா."

"சும்மா கெடக்க சங்கை ஊதிக் கெடுத்தானாம்" என்று ஆட்டிடம் சொன்னாள்.

முதல் தலை வரைக்கும் மாமா பேசிக்கொண்டே வந்தார். பாறை சூடேறும் வாசனை, காற்று, கீழே போகப் போகச் சின்னதாகும் ஆடுகள். எனக்குக் கனவில் நடப்பதுபோல் இருந்தது. முதல் தலையில் நூற்று அறுபது. இறங்கினோம். இறங்குகையில் மாமாவின் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு தலைக்கும் நடுவே பள்ளத்தில் நூற்று நாற்பத்தைந்து.

நான் மனதுக்குள் கடலை ஏற்றிப் பார்த்துச் சொன்னேன்: "மாமா, மொதத் தலைக்கு எடுப்பு பதினஞ்சுதான். அது வெறும் தோள்."

"அப்ப மேல போனாத்தான் கணக்கு" என்றார் மாமா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் தலை அந்தப் பள்ளத்திலிருந்து அதிகம் போனால் எழுபது மீட்டர். அதில் ஏறிவிட்டால் வியாழக்கிழமை மெடிக்கல். பிறகு கப்பல். மாமா எங்கேயாவது உட்கார்ந்தால்தான் தோல்வி. எனக்கு அந்த இடத்தில் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. ஒரு கல்லில் காலை வைத்து, "அம்மா!" என்று கத்தி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கால் பிசகிட்டு மாமா."

மாமா திரும்பினார். என் காலைப் பார்க்கவில்லை. இரண்டாம் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூட்டை இறக்குவதுபோல மெல்லத் தன்னை இறக்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி. உக்காந்தாச்சி" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குப் பாவமாகிவிட்டது. எடுத்த காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. "இப்ப வலிக்கல மாமா. சரியாயிட்டு. மேல போவமா?" என்று எழுந்தேன்.

மாமா சட்டென்று என் கையைப் பிடித்தார். "வேணாம்ளா. பிசகுன காலோட ஏறப்படாது. அப்படியே இரி."

அரைமணி நேரம் அப்படியே இருந்தோம். காற்றாலைகள் சுற்றின. தூரத்தில் வானத்தோடு வானமாக ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அது கடல் என்றேன் நான். ஆமாம் என்றார் மாமா. இத்தனை தூரத்தில் கடல் தெரியுமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பிறகு என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். நாலு அடி வைத்ததும் நின்றார். மறுபடி நாலு அடி, மறுபடி நின்றார். ஆட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, விறுவிறுவென்று ஏறி வந்தாள். "பிள்ளைய எங்கிட்டத் தாங்க" என்று என்னை வாங்கித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தால், மாமா பாறையில் உட்கார்ந்த மேனிக்கு, கையை ஊன்றி ஊன்றி, சின்னப் பிள்ளை சறுக்குவதுபோல வந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைச் சிரிக்கவைக்க எத்தனை வித்தை வைத்திருக்கிறார் இந்த மாமா! நான் சிரிக்கச் சிரிக்க அவரும் சிரித்தார்.

"சிரிக்காத தாயி" என்றாள் அந்த அம்மாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஏன் சிரிக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா முந்திக்கொண்டார். "பிள்ளைக்குக் கால் பிசகிட்டு, பாதியில எறங்கிட்டோம்."

அம்மா பதறிப்போய்க் குசினிக்குள் ஓடி, புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். "எந்தக் கால்ளா?"

அதுவரைக்கும் நான் அதை முடிவு செய்திருக்கவில்லை. இடதை நீட்டினேன்.

"வலது, யக்கா. வலது" என்றார் மாமா.

அம்மா வலது காலுக்குப் பத்துப் போட்டாள். என் பொய்யை மாமா எப்படிக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு ஒரே வியப்பு. அப்பா மட்டும் நாற்காலியில் சாய்ந்தபடி, "நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்கு" என்றார். என் வேஷம் அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று, குதிரை என்று என்னைத்தான் சொல்கிறார் என்று நடுங்கிவிட்டேன். அம்மா, "சும்மா இருங்க" என்று அதட்டினாள். எனக்காகத்தான் அதட்டுகிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் பழையபடி ஓட ஆரம்பித்தபோது மாமா தனியே கூப்பிட்டார்.

"கால் எப்படிளா இருக்கு?"

"சரியாயிட்டு மாமா."

"ஒரு வாரம் போகட்டும். யாரும் கேட்டா இன்னும் வலிக்குன்னு சொல்லு. என்ன?"

என்ன அருமையான மாமா! இது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டு என்று உடனே ஒத்துக்கொண்டேன். வாரம் முழுக்க வலது காலை இழுத்து இழுத்து நடந்தேன். வியாழக்கிழமை மாமா மெடிக்கலுக்குப் போகவில்லை. "பிள்ளை நொண்டிட்டுத் திரியுதா. நான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகாட்டா யாரு போவா? அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்றார். அம்மா குசினியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பி நம்மோடேயே இருக்கிறான் என்ற சந்தோஷம் போலும் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அவர் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. பின்னாளில் கப்பல்களுக்குக் காய்கறி அனுப்புகிற ஓர் அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தார்.

சனிக்கிழமை எனக்குப் பாவசங்கீர்த்தனம். புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை, எடுக்கப்போகிற பிள்ளைகள் எல்லோரும் போக வேண்டும். மாமா கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கோயிலுக்குப் போனேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பொய் சொன்னேன், காலில் ஒன்றுமில்லை, மாமா கப்பலுக்குப் போகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். சாமியார், இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். மாமாவின் கப்பலுக்கு விலை மூன்று 'அருள் நிறைந்த மரியே'. பரவாயில்லையே என்று இருந்தது.

மூன்றையும் சொல்லி முடித்து, பாவம் நீங்கிய பிள்ளையாக, இரண்டு காலையும் நேராக ஊன்றி வாசல் வரைக்கும் நடந்தேன். படிக்கட்டுக்குக் கீழே மாமா கையை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன செய்வது? ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு வலது காலை இழுத்தபடி இறங்கிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவமன்னிப்பு வாங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் மறுபடியும் பாவம்.

வெயில் தாழ்ந்து, கடல்காற்று தெருவுக்குள் வந்திருந்தது. இரண்டு பேரும் ஓரமாக நடந்தோம். ரொம்ப மெதுவாக, நின்று நின்று. வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த யாருக்கோ உரக்கச் சொன்னாள்: "தாய்மாமன்னா இப்படில்லா இருக்கணும்! பிள்ளை நொண்டுதான்னு எவ்வளவு பைய நடக்கான் பாரு."

மாமா தலையை மட்டும் ஆட்டினார். என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் காலுக்காகத்தான் மாமா இவ்வளவு பைய நடக்கிறார் என்று, அந்தத் தெருவோடு சேர்ந்து நானும் நம்பினேன்.