இரண்டு டப்பா ரவை

துப்பாக்கிக் குண்டுக்கு ரவை என்றும் ஒரு பெயர் உண்டு என்பது என் மாமியாருக்குத் தெரியாது. கல்யாணமாகி நான் அரியாங்குப்பம் வந்த முதல் மாதம் அது. கூரியரில் வந்த டப்பாவை வாங்கி அடுப்படி மேடையில் வைத்து, "ரவ வந்துருக்குது அத்த" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வெங்காயம் வதங்கி, உப்புமாவுக்குத் தண்ணீர் கொதிக்கிறது. டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னாம்மா இது, ஈயமா இருக்குது? எந்தக் கடையில குடுத்தான்? நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்றிலிருந்து அவருக்கு அது "உன் ரவ". "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி" என்று அவ்வப்போது முனகுவார். தடுத்ததில்லை.

நான் ஏர் ரைபிள் சுடுகிறவள். கல்லூரியில் என்.சி.சி.யில் பிடித்த பழக்கம். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதில் ஒரு கறுப்பு வட்டம், வட்டத்தின் நடுவில் எள்ளளவு ஒரு புள்ளி. புள்ளியில் பட்டால் பத்து. விலகினால் ஒன்பது, எட்டு, ஏழு. அவ்வளவுதான் விளையாட்டு. ரைபிள் டவுனில் இருக்கும் கிளப்புக்குச் சொந்தம், அங்கேயே பூட்டி வைத்திருப்பார்கள். குண்டு மட்டும் அவரவருடையது, வீட்டில் இருக்கும்.

பிழைப்பு தட்டாஞ்சாவடியில், ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில். ஜன்னல் இல்லாத ஹால். பெல்ட்டில் வரும் பாட்டிலை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். அடுத்த பாட்டில் அதற்குள் வந்துவிடும். மூக்கைச் சொறியவும் நேரமிருக்காது. அந்த ஹாலில் எனக்கு மூச்சு முட்டும். சில நாள் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வருவேன். அங்கிருந்து வெளியேற எனக்கு இருந்தது ஒரே வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. தேர்வுச் சுற்றில் அறுபது குண்டு சுட்டு, அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணைத் தொட வேண்டும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. விட்டால் ஆயுசுக்கும் பாட்டில்தான்.

போட்டிக்கென்று பொறுக்கிய நல்ல குண்டு யானை விலை. பழகுவதற்கு அதைப் போட்டுச் சுட என் சம்பளம் தாங்காது. அதனால் மலிவில் எது தேறும் என்று ஒரு மாதம் அலைந்தேன். குண்டின் பின்பக்கம் விரிந்திருக்கும், அதைப் பாவாடை என்போம். முதலில் வாங்கியதில் பாதிக்குப் பாதி பாவாடை நசுங்கிக் கிடந்தது. இரண்டாவது ரகத்தைக் குழலுக்குள் அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கிப்போனது. மூன்றாவதாக, நல்ல குண்டு செய்கிற அதே கம்பெனியின் மட்ட ரகம். அச்சு ஒன்றுதான். அவர்கள் பொறுக்குகிற விதத்தில்தான் வித்தியாசம். மணல் மூட்டை மேல் ரைபிளைச் சாத்தி ஒரே அட்டையில் ஐந்து சுட்டுப் பார்த்தேன். நல்லது போட்ட ஓட்டையைச் சட்டைப் பொத்தான் மூடியது. மலிவு பொத்தானைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்தது. பரவாயில்லை என்று தோன்றியது. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததும் பிடித்திருந்தது. பழக மலிவில் ஒரு டப்பா, தேர்வுக்கு நல்லதில் ஒரு டப்பா என்று வாங்கி வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

மலிவில் ஒரு சௌகரியம் உண்டு. எட்டு விழுந்தால் "குண்டு சரியில்ல" என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வுட்ட ஒடனே எங்க போச்சுன்னு உனக்கே தெரியும். மொதல்ல வாயால சொல்லு, அப்புறம் அட்டையப் பாரு. சொன்ன எடத்துலயே இருந்தா அது உன் தப்பு. வேற எங்கியாவது இருந்தாதான் குண்டு தப்பு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேர்வு, விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மிஷினுக்குப் படைத்து, பொரி வாங்கிக்கொண்டு மத்தியானம் வீடு வந்தேன். என் கணவர் நோணாங்குப்பம் போட் ஹவுஸில் படகு ஓட்டுகிறவர். லீவு நாளில் டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கும், சாயங்காலம்தான் வருவார். சாமி மாடத்தின் முன்னால் அருவாமனை, கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் மஞ்சள் மஞ்சளாக ஒரு குவியல், மேலே குங்குமம்.

"வந்துட்டியா? பாரு, உன் ரவைக்கும் வச்சிட்டேன். அவன் ஓட்டுற போட்டு அங்க கெடக்குது, துப்பாக்கி கிளப்புல கெடக்குது. நம்ம ஊட்ல ஆயுதம்னு இருக்கிறது இதான?"

"அத்த, ரெண்டு டப்பாவையும் எதுல கொட்டுனீங்க?"

"இதுலதான். மஞ்சத் தண்ணில அலசித் தொடச்சேன். ஒரு டப்பால கொறவா இருந்துச்சி. நாளைக்கு ரெண்டுத்துலயும் சமமா போட்டுத் தரேன். ரெண்டும் ஒரே ரவதானே?"

கையை நீட்டினேன். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாத தொடாத! பூசையில வச்சத இன்னிக்கி எடுக்கக்கூடாது. நாளைக்குக் காலையில சூடம் காட்டிட்டு எடுத்துக்க. உனக்கு அந்த வேல கெடைக்கணும்னுதான் வேண்டி வச்சிருக்கேன்."

கத்தியிருப்பேன். ஆனால் அந்தத் தாம்பாளத்தை என் மாமனார் படத்துக்கு நேரே வைத்திருந்தார். மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், நான் வருவதற்கு முன்பே போய்விட்டவர். துப்பாக்கியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷி, அதற்காக முதல் தடவை சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். இவரிடம் என்னவென்று கத்துவது? கத்தாமல் எப்படி இருப்பது? அன்று முழுக்க அந்தத் தட்டைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு டப்பா வரவழைக்க நாளில்லை. கடை அடைப்பு, கூரியர் லீவு, கிளப்பில் இருந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஹாலில் முட்டுகிற மூச்சு வீட்டிலும் முட்டியது.

மறுநாள் காலை சூடம் காட்டியதும் எங்கள் கல்யாண போட்டோவின் கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு பக்கம் புத்தகம் கொடுத்துச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு குண்டாக உருட்டினேன். பாவாடை அகலம் என்பதால் குண்டு நேராக உருளாது, வளைந்து போகும். ஒரே மாதிரி வளைகிறவை ஒரு பக்கம், தள்ளாடுகிறவை ஒரு பக்கம். மாமியார் எதிரில் உட்கார்ந்து, உருண்டதை எடுத்து எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்டார். "சுத்தம் பாக்குறேன் அத்த" என்றேன். அப்படியும் இப்படியுமாகத் தேர்வுக்குப் போதுமானது தேறியது. அதில் எது எந்த டப்பாவில் இருந்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

தேர்வில் ஐம்பது குண்டு வரை எனக்கே நம்பிக்கையில்லாத அளவுக்கு நன்றாகப் போனது. பத்து, ஒன்பது, பத்து. ஐம்பத்தோராவதுக்கு ரைபிளைத் தூக்கினேன். இன்னும் பத்துதான், அப்புறம் அந்த ஹாலுக்குப் போகவே வேண்டாம் என்று மனசு ஓடியது. ரைபிளை இறக்கிவிட்டு மறுபடி தூக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. விசையை வெடுக்கென்று இழுத்தேன்.

வலப்பக்கம், கீழே, ஏழு. உதடு அசையாமல் சொன்னேன். அப்புறம் அட்டையைப் பார்த்தேன். வலப்பக்கம், கீழே, ஏழு.

மீதி ஒன்பதும் நன்றாகவே விழுந்தன. இரண்டு பாயின்டில் வேலை போனது.

வீட்டுக்கு வந்து "ரெண்டு பாயின்ட்" என்று மட்டும் சொன்னேன். டப்பா கலந்த கதை என் கணவருக்குத் தெரியும். அம்மா பக்கம் திரும்பினார்.

"எல்லாம் உன்னாலதான்! யாரு உன்ன அதத் தொடச் சொன்னது? மஞ்சத் தண்ணில அலசுனாளாம்! நாசமாக்கிட்டியேம்மா!"

மாமியார் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். "இல்ல, என் கைதான் தப்பு பண்ணுச்சி" என்று சொன்னால் முடிந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் பழி வேறொருத்தர் தலையில் விழுந்தது எனக்கு இதமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, மாமியார் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து மனசு கேட்காமல் சொன்னேன். "அத்த, குண்டு மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன். சத்தியமா."

"போவட்டும் வுடும்மா. என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்ற."

கணவரை உட்காரவைத்து அவர் எதிரிலேயே சொன்னேன். "நல்ல பொண்ணு" என்று மாமியார் என் தலையைத் தடவினார். அட்டையை எடுத்து வந்து அந்த ஓட்டையைக் காட்டினேன். அட்டையில் அவருக்கு என்ன தெரியும்? சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லாத வாயை, அப்புறம் அவர் நம்பவே இல்லை.

இன்னும் அதே ஹாலில்தான் பாட்டில் அடுக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலிவு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய்ச் சுடுகிறேன். போன ஆயுத பூஜைக்கு மாமியார் அலமாரியைக் கழுவி, அருவாமனை, கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். என் டப்பாவை மட்டும் தொடாமல், சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"உன் ரவைக்கு நீயே வச்சிக்கம்மா. என் கை ராசியில்லாத கை."