கழிவுக் கடலை

என் அப்பா குடிகாரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரலில் புற்று வந்து செத்தார் என்றதும் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. கிணறு வெட்டப் போனவர் அவர். டீ குடித்தாலே பித்தம் என்று ஒதுக்கியவர்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. ஆத்தாவும் நானும் கீரமங்கலத்தில் ஒரு மண்டியில் கடலை உடைத்தோம். காய்ந்த தோட்டை விரலால் உடைத்தால் நகக்கண் பிய்ந்துவிடும். அதனால் முதல் நாளே காய்மேல் தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். மறுநாள் தோடு பதமாக இளகியிருக்கும். முதலாளிக்கும் அதில் சந்தோஷம்தான், ஈரம் குடித்த பருப்பு எடை கூடுமே! உடைத்ததைப் பொறுக்கிப் பிரித்தால் நல்ல பருப்பு அவருக்கு மூட்டையாகும். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சை படர்ந்தது எல்லாம் எங்களுக்குக் கூலியாகும். கழிவு என்று அதற்குப் பெயர்.

ஆத்தா அதைக் கழுவி வறுத்து, கசப்புத் தெரியாமல் இருக்க நாலு மிளகாய் கூடுதலாக வைத்து அரைப்பாள். கேப்பைக் கூழுக்கு அதுதான் துவையல். எங்களுக்கு ஒரு உருண்டை என்றால், கிணற்றுக்குள் இறங்குகிற உடம்பு என்று அப்பாவுக்கு இரண்டு.

பூஞ்சை பிடித்த கடலையில் ஈரலை அரிக்கும் நஞ்சு உண்டு, அது புற்றுவரை கொண்டுபோய் விடும் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஆத்தாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். நல்லவேளை. அந்த இரண்டாவது உருண்டைக்காக அவளை யாரும் குற்றம் சொல்ல நான் விடமாட்டேன். நல்ல பருப்பு தின்ன எங்களுக்கும் ஆசைதான்.

அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி வயிறு உப்பியது. பஸ் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்.

“ஈரல்ல புத்து. எத்தன வருசமாக் குடிக்கிற?”

“குடிச்சதே இல்லீங்க.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க.”

மதுவிலக்கு இருந்த காலம், ஒத்துக்கொள்ள எவனும் பயப்படுவான் என்று நினைத்தாரோ என்னவோ. சீட்டில் ஏதோ எழுதித் தந்தார். கம்பவுண்டரிடம் கேட்டேன். சாராயத்தால் வந்தது என்று எழுதியிருக்கிறது என்றார். திரும்பிப்போய்ச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.

“இத அடிச்சிருங்க சார்.”

வெளியே போகச் சொன்னார்.

எங்கள் தெருவில் அப்பாவுக்கு முன்பே அதேபோல வயிறு வீங்கிச் செத்தவர்கள் சிலர் உண்டு. அதில் மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்த அக்காவும் ஒருத்தி. அவளும் சாராயம் குடித்தாளா என்று அந்த டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். மண்டி முதலாளி வீட்டில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு ஒரே குறைதான். “சாவு வந்தா வந்துட்டுப் போகுது. குடிகாரங்கிற பேரோட மட்டும் போக மாட்டேன்த்தா,” என்றார். அந்தப் பேரோடுதான் போனார். எழவுக்கு வந்தவர்கள் அதையேதான் குசுகுசுத்தார்கள்.

அப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து நான் மட்டும் மண்டிக்குப் போனேன். அன்றைக்கு உடைத்து முடித்ததும் முதலாளி என் முறத்தில் கழிவை அளந்து போட்டார். அத்தனை பெண்கள் முன்னால், “சாராயம் ஒங்கப்பன முடிச்சிருச்சு, ஆத்தாளையாவது ஒழுங்காப் பாத்துக்க புள்ள,” என்றார்.

நஞ்சைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கோபம் மட்டும்தான் இருந்தது. முறத்திலிருந்து ஒரு கை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இதத் தின்னுட்டு எங்கப்பாவப் பத்திப் பேசுங்க மொதலாளி.”

அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ச்சீ! இத மனுசன் திம்பானா?”

கூலிக்காக முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

“எங்கப்பா தின்னாரு. பதினஞ்சு வருசம் தின்னாரு. அவரு வயித்துக்குள்ள போனது சாராயம் இல்ல மொதலாளி, நீங்க குடுத்த கூலி.”

முறத்தை அவருடைய நல்ல பருப்புக் குவியலில் கவிழ்த்தேன். பொறுக்கிப் பிரிக்கச் சொல்லி அவர் கத்தினார். ஒருத்தியும் உட்காரவில்லை.