பழப்புளி போட்டு மினுக்கிய பயனெற்

பலேர்மோவில் ஒரு ஜேர்மன் பயனெற்றைக் கையில் தந்தால், அது அசலா, பிறகு யாராவது திருத்தியதா என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடிய தமிழன் நான் ஒருவன்தான். பொய். அதில் தமிழன் என்பது மட்டும் உண்மை. ஒரே பார்வையில் எனக்கு எதுவும் விளங்கியதில்லை. ஒரு அசலை என் கையாலேயே நாசமாக்கிய பிறகுதான், அசல் என்றால் என்ன என்று கொஞ்சம் விளங்கியது.

பயனெற் என்பது துவக்கின் நுனியில் கொளுவுகிற கத்தி. எங்கள் ஊரில் அதைக் கண்டால் ஓடுவோம். அப்படி ஓடி ஓடி இத்தாலிவரை வந்தவன், கிழமைக்கு மூன்று நாள் அதற்குத் தூசி தட்டினேன். முப்பத்தொரு பயனெற், முப்பத்தொரு கொளுக்கி, ஒரே நீட்டுக்கு ஒரு வீட்டு நடைச் சுவர்.

நான் வேலைக்குப் போன அந்த வீடு போர்கோ வெக்கியோச் சந்தைக்குக் கிட்ட, நாலாம் மாடி. லிப்ட் ஒன்று இருந்தது. நான் போன முதல் நாளே அது பழுது. கடைசி நாளும் பழுது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர்; அவர்கள் பாசையில் அவ்வொகாத்தோ, எங்கள் பாசையில் அப்புக்காத்து. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் மிலானோவில். அவர் கதைத்தது சிசிலியன். என் காதில் அது தமிழாக விழுந்தே பழகிவிட்டதால், தமிழாகவே எழுதுகிறேன்.

ஞாயிறு காலைகளில் பேராலயத்துக்குப் பின்னால் உள்ள பழைய சாமான் சந்தைக்கு அவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போவேன். இரண்டு கண்ணிலும் புரை. நிறம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆகவே எழுத்துப் பார்ப்பது என் வேலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் ஜேர்மன் எழுத்துப் பார்க்க ஒருவர் வைத்திருந்தார்.

"இலக்கத்தைச் சொல்லு."

"கத்தியில நாலு, ஏழு, ஒண்டு, ஒண்டு. உறையில நாலு, ஏழு, ஒண்டு, ஏழு."

"கடைசி?"

"ஏழு."

"ரெண்டும் ஒண்டாப் பிறந்ததில்லை. வை கீழை."

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு இந்தக் கத்திகளைக் கண்ட கண்ட நாட்டுக்காரரும் அள்ளிக்கொண்டு போனார்களாம். பழைய இலக்கத்தைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்தார்கள், பிடியை மாற்றினார்கள், திரும்பவும் கறுப்பாக்கினார்கள். அதுதான் திருத்தினது. சேர்க்கிறவர்களுக்கு அது கழித்துவிட்ட சாமான். கண்டுபிடிப்பதற்கு அவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்பார். இலக்கம் பொருந்துதா? பிடியில் இருக்கிற இரண்டு திருகாணியின் தலையும் கிழியாமல் இருக்கா? எழுத்தில் நகம் மாட்டுதா? தொழிற்சாலையில் அடித்த எழுத்தின் ஓரம் நகத்தைப் பிடிக்கும். யாரும் தேய்த்திருந்தால் நகம் வழுக்கும்.

நிறத்தை மட்டும் அவர் என்னிடம் கேட்டதேயில்லை. வெயிலில் பிடித்துத் தானே பார்த்துக்கொள்வார். ஆகவே நிறமும் ஒரு விசயம் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

என் அலுவல் வேறு. மனுசி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மூன்றாவது வருசமாகக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு, இவனுக்கு என்னிடம் வேலை இருக்கிறது என்று அப்புக்காத்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் குவெஸ்தூராவில், அதாவது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி தருகிற பொலிஸ் கந்தோரில், கொடுக்க வேண்டும். கடிதம் அடித்து இரண்டு மாதம். அவரின் மேசையில் கிடந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

நான் இருந்த அறையில் இன்னொருவன் இருந்தான். யாழ்ப்பாணத்தான், இரண்டு வீட்டில் சமையல். ஒவ்வொரு நாளும் கேட்பான்.

"உன்ரை அப்புக்காத்து கையெழுத்துப் போட்டுட்டாரோ?"

"பெருநாள் முடியட்டாம்."

"எந்தப் பெருநாள் எண்டு கேட்டனியோ? இந்த ஊரில கிழமைக்கு ஒரு பெருநாள் வருது மச்சான்."

"உயிர்த்த ஞாயிறு. அதுக்கு முதல் கண் ஒப்பிரேசன்."

"அப்ப ஆள் ஆஸ்பத்திரியிலை. நீ வீட்டை மினுக்கி வை. புதுக் கண்ணோடை வந்து பாக்கேக்க எல்லாம் பளிச்செண்டு இருக்கவேணும். பேனை தானா ஓடும்."

நல்ல யோசனைதான். நல்ல யோசனைகள்தான் என்னைக் கெடுத்தவை.

நடையின் கடைசிக் கொளுக்கியில் ஒரு பயனெற் தனியாகத் தொங்கும். மற்ற முப்பதும் விலைக்கு வாங்கியவை. இதை மட்டும், ஜேர்மன்காரர் விட்டுப் போன நேரம், பதினாலு வயதில் துறைமுகச் சேற்றுக்குள்ளிருந்து அவரே எடுத்தாராம். "மற்றதெல்லாத்திலையும் ஆற்றையோ கை பட்டிருக்கு. இதில என்ரை கை மட்டும்தான்" என்பார். அதைத் துடைக்கச் சொன்னதுமில்லை, துடைக்காதே என்றதுமில்லை. முப்பத்தொன்றிலும் கறுத்துப்போய்க் கிடந்தது அதுதான்.

நான் மன்னார்ப் பக்கம். பெருநாளுக்கு முதல் மாதா கோயில் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது எங்கள் தெருக்காரரின் பொறுப்பு. எங்களுக்குக் கறுப்பு என்றால் ஊத்தை, ஊத்தை என்றால் புளி. பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அறைக்காரன் மீன்குழம்புக்கென்று போத்தலில் வைத்திருந்த பழப்புளியில் பாதியை எடுத்துக்கொண்டு போனேன். புளி, இரும்புத் தும்பு, கொஞ்சம் மணல். காலையிலிருந்து மத்தியானம் கழியும்வரை தேய்த்தேன். விடியப்புறமே இரண்டு வீட்டுப் படிக்கட்டுக் கழுவிய கை. தோள் கழன்றது. ஆனாலும் கத்தி நிலாவாகிவிட்டது. அதில் முகம் பார்த்து மீசையைக்கூடச் சரிசெய்தேன்.

திரும்பக் கொளுவும்போது, சந்தைப் பழக்கத்தில் நகத்தை எழுத்தின்மேல் விட்டேன். வழுக்கியது.

இன்னொருதரம் விட்டேன். இன்னொருதரமும் வழுக்கியது. பிடித்து வைக்க ஒன்றுமில்லை. நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் அறைக்காரன் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான்.

"வெள்ளையாப் போச்சோ? அதுக்கென்ன, சப்பாத்துப் பொலிஷ் பூசு."

"எழுத்து?"

"கிழவனுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. என்ரை புளிக்கு ஒரு வழி சொல்லு முதல்."

பூசினேன். மூன்று பூச்சு. சந்தையில் எவர்களைத் திருத்துகாரர் என்று நான் திட்டினேனோ, அவர்கள் செய்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அந்த நேரம் மண்டைக்குள் ஏறவில்லை. ஏற இடமும் இருக்கவில்லை. மண்டை முழுக்கக் கொழும்பு லொட்ஜ்.

சனிக்கிழமை அப்புக்காத்து ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார். பல் வைத்தியர், அவரும் பயனெற் சேர்க்கிறவர். சேற்றுக்குள் எடுத்த கதையை முப்பது வருசமாக நம்பாதவர். முதல்தரம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவென்றே பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

நான் கோப்பியை வைத்துவிட்டு, கடிதத்தையும் பேனையையும் அப்புக்காத்துவின் கைக்குக் கிட்டத் தள்ளினேன்.

"அவ்வொகாத்தோ, இதில முதல் ஒரு கையெழுத்து..."

"முதல் அதைக் கொண்டு வா."

கொண்டுபோனேன். நாலு மாடி ஏறுவதைவிட அந்த நடை நீளமாக இருந்தது. பல் வைத்தியர் கத்தியை யன்னலுக்குக் கிட்டப் பிடித்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு" என்றார். "துரு திண்ட குழிக்குள்ளையும் கறுப்பு நிக்குது. துருப்பிடிச்ச பிறகு பூசின கறுப்பு. அசல் கறுப்பெண்டால் துரு அதைத் திண்டிருக்கும். இது திருத்தினது."

"சேத்துக்குள்ளயிருந்து நான் எடுத்தது!"

"பதினாலு வயசு. வேறை எங்கையோ எடுத்ததை மறந்திருப்பியள்." பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார். கறுத்திருந்தது. சட்டைக் கையிலும் ஒரு கோடு. "இதென்ன, சப்பாத்து மணக்குது?"

அப்புக்காத்துவின் கை மேசைவிரிப்பைப் பிசைந்தது. சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. என்ரை கண் நீதானே. இது அசலோ, திருத்தினதோ?"

கடிதம் அங்கேயே கிடந்தது. அசல் என்று சொன்னால் இவன் கிழவனுக்கு ஒத்து ஊதுகிறான் என்று பல் வைத்தியர் சிரித்துவிட்டுப் போவார். எனக்குக் கையெழுத்துக் கிடைக்கும். ஆனால் இனிமேல் அந்த மனிசன் இராத்திரி படுக்கையில், தான் உண்மையாகவே சேற்றுக்குள் எடுத்தேனா என்று தன்னைத்தானே கேட்பார். வீட்டில் சந்தேகமில்லாமல் இருந்தது அந்த ஒன்றுதான். நான் களைத்துப்போயிருந்தேன். பொய்க்கும் கொஞ்சம் தெம்பு வேணும்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் அசல், அவ்வொகாத்தோ."

பல் வைத்தியர் கோப்பியைத் துப்பிவிட்டார். அப்புக்காத்து சிரிக்கவில்லை.

"என்னத்தாலை தேய்ச்சனி?"

"பழப்புளி."

"அதென்ன மருந்து?"

"மருந்தில்லை. குழம்புக்குப் போடுறது. ஊரில கோயில் தண்டுகளை அதாலைதான் மினுக்குவம்."

"கறுப்பு?"

"என்ரை சப்பாத்துப் பொலிஷ்."

"உன்ரை சப்பாத்தைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை." கத்தியை வாங்கி மணந்து பார்த்தார். பிறகு பல் வைத்தியரிடம், "கேட்டனிரோ? அசலாம்" என்றார். அவ்வளவுதான். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"போட்டவரோ?" என்றாள்.

"அலுவல் நடக்குது."

"உங்கடை குரல் ஏன் நடக்காத மாதிரிக் கிடக்கு?"

லைன் சரியில்லை என்று சொன்னேன். பிறகு ஆறு நாளும் மற்ற வீடுகளின் நிலத்தைத் தேய்த்தேன். நிலத்தை எவ்வளவு தேய்த்தாலும் ஒருவரும் அசலா என்று கேட்பதில்லை. அந்த ஒரு ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை போவதா விடுவதா என்று தெரியவில்லை. ஒற்றைக் கண்ணோடு அந்த மனிசன் நாலு மாடி எப்படி இறங்குவார் என்று போனேன். எனக்கு முதலே இறங்கி வந்து வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையைப் பிடித்தார். சந்தையில் முதல் கடையிலேயே ஒரு பயனெற்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சொல்லு."

"இனியும் என்னைக் கேக்கிறியளோ?"

"விக்கிறவன் எல்லாத்தையும் அசல் எண்டுவான். பல்லுக்காரன் எல்லாத்தையும் திருத்தினது எண்டுவான். செவ்வாய்க்கிழமையைச் சொன்னது நீ ஒருத்தன்தான். இலக்கத்தைச் சொல்லு."

சொன்னேன். பொருந்தவில்லை. வைத்துவிட்டு நடந்தோம். அடுத்த கடைக்குப் போகும் வழியில் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துத் தந்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு போட்டது. கோட்டில் தொடங்கி, அடித்த எழுத்துகளின்மேல் ஏறி, கீழ்மூலைக்கு இறங்கி, ஒரு புழுவைப்போலச் சுருண்டிருந்தது.

அதைக் கொண்டுபோய்க் குவெஸ்தூராவில் விடியமுதல் வரிசையில் நின்றேன். பத்து மணிக்கு என் முறை. மேசையிலிருந்த பொலிஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பிப்போய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, இது சத்தியம், கையெழுத்தின்மேல் நகத்தை விட்டுத் தடவினார்.

"இது அவர் போட்டதோ? அசலோ?"

என் வாய் சும்மா இருக்குமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் சொன்னேன்...

"இஞ்சாருங்கோ!"

எங்கள் பலேர்மோக் குசினிக்குள்ளிருந்து மனுசி கூப்பிடுகிறாள்.

"எழுதினது காணும், எழும்பி வாங்கோ. இந்தக் கத்தி மீனை வெட்டுதில்லை, நசிக்குது. பெரிய கத்திக்காரர் எல்லோ, வந்து தீட்டித் தாங்கோ. என்ரை பழப்புளியிலை மட்டும் கை வைக்கப்படாது!"

"வாறன், வாறன்."